வெள்ளைக் கல்

ஆறு மாதம் மழை கேட்டோம்.
தேவாலயத்துத் தகரக் கூரையின் கீழ்
மண்டியிட்டு, தொண்டை வறள,
"பூலா, பூலா" என்று கேட்டோம்.
எங்கள் மொழியில் மழைக்கும் ஆசிக்கும்
ஒரே சொல்தான்.
மழை நாளில் பிறந்தேனாம்,
என் பெயரும் அதிலிருந்து கிள்ளியெடுத்தது:
பூலானே.

வந்தது.
நான் சென்கு ஆற்றைக் கடக்கவேண்டிய
திங்கட்கிழமை பார்த்து வந்தது.

அக்கரை மலைமேல் ஒரு மருத்துவமனை.
மருத்துவமனை என்றால் இரண்டு அறை, ஒரு கட்டில்,
ஒன்பது ஊர்களின் பிரசவம்.
மருத்துவர் கிடையாது.
முன்பிருந்த நர்ஸ் பனிக்காலத்தில்
யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள்.
சாவி இப்போது என் கழுத்தில்,
சிலுவையோடு உரசிக்கொண்டு.

படகோட்டி லெஷோபோரோ
கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டு
கரையோரத்தில் நீரைக் காட்டினான்.
அதற்குள் எங்கோ ஒரு கல் இருக்கிறதாம்,
தலையில் வெள்ளையடித்த கல்.
"வெள்ளை தெரிந்தால் படகு.
தெரியாவிட்டால் மந்திரி வந்தாலும் இல்லை."
காவி நுரை போயிற்று.
வேரோடு ஒரு மரம் போயிற்று.
யாருடையதோ ஒற்றைச் செருப்பு,
அவசரமே இல்லாமல்.

தடுப்பூசிப் பெட்டியை
மாபாலேசாவின் கடையில்
கேஸில் ஓடும் குளிர்பெட்டிக்குள்
பீர் புட்டிகளின் நடுவே வைத்தேன்.
"குழந்தைகளுடையது, தொடாதீர்கள்" என்று
அட்டையில் எழுதி ஒட்டினேன்.
குடிக்க வந்தவர்கள்
தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தார்கள்.

செவ்வாய்.
ஆண்டவரே, சீக்கிரம் என்றேன்.
உமக்கு நேரம் தெரியாதா என்றேன்.
அங்கே யாராவது வலியெடுத்துக் கிடந்தால்
என்ன செய்வீர் என்றேன்.
கடவுளிடம் கடிகாரத்தை நீட்டிக் காட்டும்
அந்தக் குரல் எனக்கே பிடித்திருந்தது.
பொறுப்புள்ள குரல்.

புதன் இரவு
தகரத்தில் மழை ஓயும் சத்தம் கேட்டது.
ஓய்வதற்கும் ஒரு சத்தம் உண்டு.
வயிற்றுக்குள் ஏதோ வழுக்கி இறங்கியது.
அப்போதுதான் பிடிபட்டேன்.
மூன்று நாளாய் ஆற்றின் பின்னால்
ஒளிந்துகொண்டிருக்கிறேன்.
உதடு "சீக்கிரம்" என்று சொல்ல,
உள்ளே ஒருத்தி, இருபத்தாறு வயது,
குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்புவதை
ஒரே ஒரு முறை,
அதுவும் இன்னொருத்தியின் தோளுக்கு மேலே
எட்டிப் பார்த்தவள்,
"இன்னும் கொஞ்சம் பெய்யட்டும்" என்று
வேண்டிக்கொண்டிருந்தாள்.
இரண்டும் ஒரே வாய்.
அவர் எதைத்தான் கேட்பார், பாவம்.

வியாழன் காலை
வெள்ளை தெரிந்தது. நகத்தளவு.
லெஷோபோரோ துடுப்பை எடுத்தான்.
நான் தயாரா என்று கேட்கவில்லை.
ஆறும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
என் ஆயுளில் அந்தக் கல் தலைகாட்டியிராது.

ஏன் மூன்று நாள் என்று
எனக்குச் சொல்லப்படவில்லை.
இக்கரையில் நான் யாரையும் காப்பாற்றவில்லை.
ஒரு பையனின் கட்டைவிரலில் முள்ளெடுத்தேன், அவ்வளவுதான்.
அக்கரையில் என்ன நடந்ததென்று
போனால்தான் தெரியும்.
எதுவும் நடக்காமல் இருந்திருக்கலாம்.
புது மண்ணில் ஒரு சின்ன மேடாகவும் இருக்கலாம்.
அதையும் சேர்த்தா உம்மை நம்பவேண்டும் என்று
கேட்டேன்.
பதிலுக்குத் துடுப்புதான் தட்டியது, கல்லில்.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
பெட்டியை முதலில் கொடுத்தேன்.
பிறகு சேற்றுக் காலைப் பிடுங்கினேன்.
படகு என் பாரத்துக்குச் சாய்ந்தது,
கொஞ்சம் யோசித்து, நிமிர்ந்தது.

நடு ஆற்றில் தூறல்.
லெஷோபோரோ வானத்தைப் பார்த்தான்.
"பூலா" என்றான்.
மழையைச் சொன்னானா,
ஆசி சொன்னானா,
பாதிப் பெயரில்
என்னைத்தான் கூப்பிட்டானா.

"ம்" என்றேன்.